குண்டு துளைக்காத நினைவுப் பலகை: ஒரு அமெரிக்க கவுன்ட்டிக்கு அது ஏன் தேவைப்பட்டது?

வரலாற்றுச் சம்பவம் நடந்த இடத்தில் ஒரு தகவல் பலகை வைப்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் உள்ள வழக்கம். இரண்டு கம்பம், ஒரு தகரம், நாலு வரி. அவ்வளவுதான். ஆனால் மிசிசிப்பி மாநிலத்தில் டாலஹாச்சி ஆற்றங்கரையில் நிற்கும் பலகையின் எடை 500 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 230 கிலோ. துப்பாக்கிக் குண்டு துளைக்காத எஃகில் செய்தது. ஏன் இந்த ஏற்பாடு?

டாலஹாச்சி ஒரு கவுன்ட்டி. நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. ஜனத்தொகை என்னவோ நம்மூர் பேரூராட்சி அளவுதான். பருத்தி விளையும் பூமி. 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், பக்கத்து கவுன்ட்டியில் நள்ளிரவில் கடத்தப்பட்டான். மளிகைக் கடையில் வெள்ளையினப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்பது அவன் மேல் போட்ட பழி. மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் சடலம் கிடைத்தது.

வழக்கு நடந்தது இந்த கவுன்ட்டியின் சம்னர் ஊர் நீதிமன்றத்தில். ஜூரிகள் 12 பேரும் வெள்ளையின ஆண்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் ராய் பிரையன்ட், ஜே.டபிள்யூ. மைலம் இருவரையும் விடுவித்துவிட்டார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு, ‘கொன்றது நாங்கள்தான்’ என்று ‘லுக்’ பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்கள். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லையே!

அதன்பிறகு ஐம்பது வருஷம், இதைச் சொல்ல அந்த கவுன்ட்டியில் ஒரு பலகைகூடக் கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் நின்றது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரனின் சிலை. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்று ஊர் எடுத்த முடிவு அதிலேயே தெரிகிறது.

2007 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்த உள்ளூர்க் குழு, அதே நீதிமன்றத்தின் முன் நின்று டில் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பிறகு சம்பவ இடங்களில் பலகைகளை வைத்தது.

சடலம் எடுக்கப்பட்ட இடமாகக் கருதப்படும் கிராபால் லேண்டிங்கில் 2008-ல் வைத்த முதல் பலகை திருடுபோனது. இரண்டாவதில் 300-க்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள். மூன்றாவதை 2018-ல் நட்டார்கள். 35 நாள்கூடத் தாங்கவில்லை, அதையும் சுட்டுவிட்டார்கள். யாரும் படிக்காத பலகையை யாரும் சுடுவதில்லை. அதில் எழுதியிருந்தது யாருக்கோ உறைத்திருக்கிறது.

நான்காவதுதான் 2019 அக்டோபரில் வைத்த இந்த எஃகுப் பலகை. கண்காணிப்பு கேமராவும் உண்டு. 2023-ல் இந்த ஆற்றங்கரை, சம்னர் நீதிமன்றம், எம்மெட்டின் இறுதிச் சடங்கு நடந்த சிகாகோ தேவாலயம் மூன்றும் சேர்ந்து தேசிய நினைவுச் சின்னமாயின. சல்லடையான இரண்டாவது பலகை 2021-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. துளைகளை அடைக்கவில்லை.