சின்ன ஹாலில் அழகான சாப்பாட்டு இடம்

மும்பையில் குடியிருக்க வீடு கிடைப்பதே பெரிய காரியம். இதில் சாப்பிடுவதற்கென்று தனி அறைக்கு எங்கே போவது?

1995-ல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடுதான் கொடுத்தார்கள். செம்பூர், முலுண்டு பக்கம் சற்று வசதியான வீடுகளிலும் ஹால் 10 அடிக்கு 12 அடி இருந்தால் அதிகம். விருந்தாளி உட்காருவதும், பிள்ளைகள் படிப்பதும், இரவில் பாய் விரிப்பதும் அங்கேதான்.

தரையில் அமர்ந்து சாப்பிடுவது நம் வழக்கம். ஆனால் முழங்கால் வலி வந்துவிட்ட பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கட்டிலில் தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்து உட்கார வைக்கத்தான் மேஜை வேண்டும்.

முதலில் அளவு

கடையில் பார்க்கும்போது 4 அடி நீளம், 2½ அடி அகலமுள்ள மேஜை சிறியதாகத்தான் தோன்றும். ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார இரு பக்கமும் 2½ அடி வேண்டும். ஆக மொத்தம் 30 சதுர அடி. 120 சதுர அடி ஹாலில் கால் பங்கு போய்விடும்!

மடக்கு மேஜை

இதற்கு நல்ல வழி, சுவரில் கீல் வைத்துப் பொருத்தும் மடக்குப் பலகை. 4 அடி நீளம் இருந்தால் எதிரில் இருவர், ஓரங்களில் ஒவ்வொருவர் என நால்வர் அமரலாம்.

பலகை தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் இருக்கட்டும். அதன் அகலம் 28 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மடக்கும்போது தரையில் இடிக்கும். உட்காரும் ஸ்டூல் 18 அங்குல உயரம் போதும். பெரியவர்களுக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி போடுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் மட்டமான பலகை ஊறி உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேட்டு வாங்கி, மேலே சன்மைக்கா ஒட்டி, ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள். செங்கல் சுவரில் மட்டுமே பொருத்த வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவர் பாரம் தாங்காது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்றால், இரு பக்கமும் மடியும் மேஜை வாங்கலாம். மடக்கினால் சுவரோரம் ஒதுங்கிவிடும்.

அழகுக்கு

மேஜைக்கு மேலே 30 அங்குல உயரத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கைத் தொங்கவிடுங்கள். மேஜையை மடக்கினால் தலையில் இடிக்காதபடி, உயர்த்திக் கட்ட ஒரு கொக்கி இருக்கட்டும். பலகைக்கு மேலே சுவரில் சிறு தட்டு அடித்து, தண்ணீர்ச் செம்பு, ஊறுகாய் ஜாடி, நெய்க் கிண்ணம் வையுங்கள். அடுக்களைக்கு ஓடும் வேலை குறையும்.

சாப்பிட்டு முடிந்ததும் பலகையைத் துடைத்து மடக்கிவிட வேண்டும். விரித்தே விட்டால் செய்தித்தாளும் பையும் வந்து குவிந்துவிடும்.

லோக்கல் ரயிலில் நசுங்கி வீடு திரும்புகிறவருக்கு, எல்லோரும் சேர்ந்து அமரும் அந்த அரை மணி நேரமே பெரிய ஆறுதல். இந்த வாரமே அளவு நாடாவை எடுத்து உங்கள் ஹால் சுவரை அளந்து பாருங்களேன்!