பாவிக்காவிட்டாலும் ஏறும் காசு



கோடை முழுவதும் காஸ் பாவிக்கவில்லை என்று கார்ட் மீற்றருக்குக் காசு போடாமல் விட்டிருப்பீர்கள். குளிர் தொடங்கியதும் 20 பவுண் போட்டால், வீடு சூடாகும் முன்பே அது முடிந்துவிடும். அந்தக் காசு எங்கே போனது?

அதை விழுங்கியது 'ஸ்ராண்டிங் சார்ஜ்' எனப்படும் நாளாந்த நிலையான கட்டணம். பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு, ஒரு அலகு கூடப் பாவிக்காவிட்டாலும், இது நாள்தோறும் ஏறும். நாளுக்கு 30 பென்ஸ் என்று வைத்தால் 90 நாளைக்கு 27 பவுண். அது கடனாக நின்று, அடுத்து நீங்கள் போடும் காசில் கழிபடும்.

கம்பி, குழாய், மீற்றர் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவு இதில் அடங்கும். 2021இல் பல விநியோக நிறுவனங்கள் முறிந்தன. அவற்றின் வாடிக்கையாளரை வேறு நிறுவனங்கள் பொறுப்பேற்ற செலவும் இதற்குள் வந்தது. மின்சாரத்துக்குச் சராசரியாக நாளுக்கு 25 பென்ஸ் அளவில் இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 45 பென்ஸ் அளவுக்கு உயர்ந்தது.

இது நியாயமா? ஓர் அறையில் தனியே வாழும் அம்மாவும் ஐந்து அறை வீட்டுக்காரரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இது குறையாது.

ஆனால் இதை நீக்கினால் அச்செலவு அலகு விலையில் ஏறும். அப்போது பிள்ளைகளும் பெரியவர்களுமாக எட்டுப் பேர் வாழும் வீடும், மருத்துவ இயந்திரம் ஓடும் வீடும் பாதிக்கப்படும். எம்மவரிடையே இரு வகையினரும் உண்டு. இலங்கையிலும் மாதாந்த நிலையான கட்டணம் உண்டு. அங்கே பாவனை கூடக்கூட அதுவும் படிப்படியாகக் கூடும். அந்த முறையிலும் பெரிய ஏழைக் குடும்பத்துக்கே சுமை.

எல்லோருக்கும் பொதுவான கம்பிக்கும் குழாய்க்கும் எல்லோரும் பங்கு கொடுப்பதை ஏற்கலாம். முறிந்த நிறுவனங்களின் செலவையும் ஏழை, பணக்காரர் என்று பாராமல் சம அளவில் சுமத்தியது நியாயம் என்று சொல்ல முடியாது.

கார்ட் மீற்றர் உள்ளவர்கள் கோடையிலும் வாரந்தோறும் சிறு தொகை போட்டு வாருங்கள். கடன் சேர்ந்திருந்தால் மீற்றரை அணைத்துவிட்டுக் குளிரில் இருக்க வேண்டாம். அதைச் சிறிது சிறிதாகக் கட்ட முடியுமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். மொழி தடையென்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களிலும் இலவச ஆலோசனை பெறலாம்.