ஓதநீருக்கு வழிகாட்டும் நிலம்

மாணவர்களே! ஒரு குவளை நீரைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். குவளையில் உயர்ந்து நின்ற நீர் தட்டில் அகலப் பரவுகிறது. நீர் ஒன்றே, கலத்தின் வடிவமே வேறு. கடலோர நிலத்திலும் இவ்வுண்மையைக் காணலாம்.

நம் கடலில் பெரும்பாலும் நாளொன்றுக்கு இருமுறை நீர் உயர்ந்து தாழ்கிறது. இதனை ஓதம் என்பர். பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி இது மிகும். அப்போது நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் வரை மாறும். ஓதத்தை எழுப்புபவை சந்திரனும் சூரியனும். கரைக்கு வந்த நீரின் வழியை வகுப்பது நிலமே.

நம் தீவின் வடமேற்கிலுள்ள சுங்கை பூலோவில் இதனைக் கண்ணாரக் காணலாம். சரிவு குறைந்த சேற்று நிலமாதலால், அங்கு ஒரு சாண் உயர்ந்த நீரும் நெடுந்தூரம் பரவும். அந்நீர் முதலில் இலை நரம்புகளைப் போலக் கிளைத்த ஓடைகளில் நுழையும். அவை நிரம்பியபின் கண்டல் மரங்களிடையே புகும். வேர்கள் தடுப்பதால் வேகம் தணிந்து, வண்டல் படியும். ஓதம் வடியும்போது காட்டில் பரவிய நீர் மீண்டும் ஓடைகளில் திரண்டு விரையும். அவ்விரைவே ஓடைகள் தூர்ந்துபோகாமல் காக்கிறது. ஆகவே நிலம் நீரை நடத்துகிறது. நீர் நிலத்தைச் செதுக்குகிறது.

முன்னாளில் இறால் வளர்ப்போர் அங்கு வரப்பு எழுப்பி, மதகு அமைத்து, ஓதநீரைக் குட்டைகளில் தேக்கினர். 1993-இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று மதகுகளால் நீரைக் குறைத்து, வலசை வரும் பறவைகள் சேற்றில் இரைதேட வகைசெய்கின்றனர்.

நாம் நன்கறிந்த தேக்கா வட்டாரமும் ஒருகாலத்தில் சதுப்பு நிலமே. நீரும் புல்லும் இருந்தமையால் அங்கு மாட்டுத் தொழில் செழித்தது. அவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயரான ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதற்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். பின்னர்ச் சதுப்பு தூர்க்கப்பட்டு வீடுகளும் கடைகளும் எழுந்தன. நிலமோ தாழ்வாகவே இருந்தது. பெருமழையும் உயர் ஓதமும் ஒருசேர வந்தபோதெல்லாம், ரோச்சோர் கால்வாயின் நீர் கடலுக்கு வடிய இயலவில்லை. பரவிநிற்கச் சதுப்பும் இல்லாமையால் வெள்ளம் தெருவிலும் வீட்டிலும் புகுந்தது.

இத்தகைய தாழ்நிலங்களைக் காக்க 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதற்கு ஒன்பது கதவுகளும் ஏழு பெரிய நீரேற்றும் பொறிகளும் உண்டு. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவுகள் திறக்கப்படும். உயர்ந்திருந்தால் பொறிகள் நீரைக் கடலுக்கு இறைக்கும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நாம் நிற்கும் நிலத்தின் மேடுபள்ளங்களை அறிவோம். கால்வாயில் குப்பை எறியாமல் நீரின் வழியைக் காப்போம்.