கண்மாய்க்கு யார் காவல்?

'தொண்டு நிறுவனம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் தோழர்களில் பலர் முகத்தைச் சுளிப்பதுண்டு. காரணம் இல்லாமல் இல்லை. எங்கிருந்தோ பணம் வருகிறது. யாரோ கணக்குக் கேட்கிறார்கள். போராட வேண்டிய ஜனங்களை மனுப் போடுகிறவர்களாக ஆக்கிவிடுகிறார்கள். சர்க்கார் செய்ய வேண்டிய வேலையைத் தங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு சர்க்காரைத் தப்பவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் நாமும் மேடை போட்டுச் சொன்னவர்கள்தாம். ஒன்றையும் இன்று வாபஸ் வாங்குவதாக உத்தேசமில்லை. ஆனால் நிறுவனம் வேறு, அதிலே வேலை செய்கிற ஆள் வேறு. ஆலை முதலாளியை எதிர்ப்பதால் தறி ஓட்டுகிற தொழிலாளியையுமா எதிர்க்கிறோம்? ஹார்வி மில்லோடு மல்லுக்கு நின்ற மதுரைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டது தானம் அறக்கட்டளை. 1997ல் தனி அமைப்பாயிற்று. அதற்கு முன்பே, டில்லியில் தோன்றிய 'பிரதான்' என்ற அமைப்பின் கிளையாக இருந்த நாளிலேயே, 1992ல் மதுரைச் சீமையின் கண்மாய்களைப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கியவர்கள் இவர்கள். கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சேர்த்து அமைக்கிற சங்கத்துக்கு 'வயலகம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல தமிழ்ப் பெயர்; பெயரிலே நமக்குச் சண்டை இல்லை. வேலையைப் பார்ப்போம்.

களப்பணியாளர் ஒருவர், ஆணோ பெண்ணோ, திருமங்கலத்துக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். 'எந்தக் கட்சி? எந்த பேங்கு? லோன் உண்டா?' என்பார்கள். இரண்டாம் நாள் கரையிலே ஏறி நடக்கிறார். மடை எத்தனை, அதில் திறக்கிற மடை எத்தனை, தூர்ந்த மடை எத்தனை? கலுங்கு உயரத்தைக் கள்ளத்தனமாகக் குறைத்திருக்கிறார்களா? உள்வாயில் யாருடைய தென்னந்தோப்பு நிற்கிறது? பிறகு வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகிறார். அங்கேதான் விவகாரம். கரை உயரமாக இருக்கும், மடை புதிதாக இருக்கும், கண்மாயிலே மட்டும் சொட்டுத் தண்ணீர் இராது. ஏனென்றால் ஒரு மைலுக்கு அப்பால் வரத்துக்காலின் குறுக்கே ஒருவர் வேலி போட்டிருப்பார். இன்னொருவர் அதை மூடி வண்டிப்பாதை ஆக்கியிருப்பார். மிச்சத்தைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கில் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். அது மறுகால் போனால்தான் அதற்கும் கீழ் ஊருக்கு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள அத்தனை ஊருக்கும் நாமம். ஆகவே ஓர் ஊரைத் திருத்தினால் போதாது. மேல் ஊர்க்காரனையும் கீழ் ஊர்க்காரனையும், மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களை, ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வைக்க வேண்டும். மண் வெட்டுவது பொக்லைனுக்கு நாலு நாள் வேலை. இந்த உட்கார வைக்கிற வேலைக்கு இரண்டு வருஷமும் ஆகும். எந்தக் கான்ட்ராக்டர் இதற்கு டெண்டர் போடுவான்?

நம் சங்கத் தோழர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஆலை வாசலில் ஆள் சேர்த்தவர்கள் செய்ததும் இதுதான். தெருத் தெருவாகப் போவது, திட்டு வாங்குவது, மறுநாளும் போவது.

இங்கே பழம்பெருமை பேசுகிறவர்கள் குறுக்கே வருவார்கள். 'அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்தது, ஊர் கூடி வேலை செய்தது, எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்' என்று உருகுவார்கள். ஊர் கூடியது உண்மை. கூடியவர்களில் கூடை சுமந்தது யார்? 1858ல் மதராஸ் மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளி வர்க்கத்து ஆண்களை வேலைக்கு இழுத்து வரலாம் என்றது அது. மிராசுதார் பிள்ளைகளை இழுத்து வரச் சொல்லவில்லை! குடிமராமத்தின் இனிமை எந்தச் சாட்டையின் நிழலில் இருந்தது என்பதை மறந்துவிட்டு அதற்குக் கோயில் கட்ட நாம் தயாரில்லை. 2017ல் தமிழக சர்க்கார் அதே பெயரில் திட்டம் போட்டு முதல் தவணையாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியதே, அப்போதும் நாம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்: குடி எது, மராமத்து யாருக்கு?

கண்மாயின் மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு என்று அளந்து தண்ணீர் விடுகிற மனிதர் ஒருவர் ஊர்தோறும் உண்டு. நீர்க்கட்டி என்பார்கள், நீர்பாய்ச்சி என்பார்கள், மடைக்குடும்பன் என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களில் ஒருவர். ராத்திரி மழையில் கரை கசிகிறதா என்று பார்க்க அரிக்கன் விளக்கோடு போனவர் அவர். பத்தடித் தண்ணீரில் மூழ்கி மடைக்கல்லைத் தூக்கியவர் அவர். கூலி, அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போடுகிற நெல். விளைந்தால் நெல், விளையாவிட்டால் நாமம். அவருக்கு அந்த ஆயக்கட்டிலே சொந்தமாக ஒரு குழி நிலமும் இராது. தண்ணீரை நியாயமாகப் பங்கிட நிலம் இல்லாதவனே தகுந்தவன் என்று ஊர் கண்டுபிடித்த சாமர்த்தியத்தைப் பாருங்கள்! நியாயம் சொல்ல அவன் வேண்டும். நியாயத்தில் பங்கு அவனுக்கு வேண்டாம்.

2000ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வந்த பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டமும் இந்த வியாதியைத் தீர்க்கவில்லை. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஓட்டு நிலம் உள்ளவர்களுக்கே. மடை திறப்பவருக்கு இல்லை. நாற்று நடுகிற பெண்ணுக்கு இல்லை. கண்மாயிலே மாடு குளிப்பாட்டுகிறவருக்கு இல்லை. வயலகத்துக்காரர்கள் இங்கே ஓரடி முன்னே வைத்திருக்கிறார்கள். சிறு விவசாயியோடு நிலமில்லாதவர்களையும் சேமிப்புக் குழுக்களில் சேர்க்கிறார்கள்; நீர்க்கட்டிகளின் தொழிலறிவைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் சேமிப்புக் குழுவில் இடம் கிடைப்பது ஒன்று. மீன்பாசி ஏலப் பணத்தில், கருவேல மர ஏலப் பணத்தில் பங்கு கிடைப்பது வேறொன்று. அந்தப் பங்கை வாங்கித் தருவது அறக்கட்டளையின் வேலையாக இருக்க முடியாது. அது நம் வேலை.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 கண்மாய்களும் ஏரிகளும் உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டால் பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறை பொறுப்பு. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். உள்வாய் நிலம் வருவாய்த் துறை, மீன் ஒரு துறை, மரம் ஒரு துறை. கண்மாய் ஒன்று, எஜமானர்கள் ஐந்து, காவல்காரன் எவனும் இல்லை. ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிற ஊரில்தான் பட்டாவும் கிடைக்கிறது!

நகரத்துக்குள் வந்தால் கதை இன்னும் கேவலம். மதுரைக்காரன் கண்ணுக்குக் கண்மாய் என்பது காலி மனை. உலகனேரிக் கண்மாயில் 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை நடக்கிறது. கண்மாயை மீட்டுத் தாருங்கள் என்று வழக்குப் போடுகிற விவசாயி, ஒரு கண்மாய்க்குள் இறங்கித்தான் நீதி கேட்க வேண்டியிருக்கிறது. கிருதுமால் என்று ஒரு நதி ஊருக்குள் ஓடியது. இன்றைக்கு அதன் மேல் நிற்கிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை என்பார்.

மேலூர்ப் பக்கம் கொள்ளை வேறு வகை. கிரானைட் குவாரிகள் பாறையை மட்டும் வெட்டவில்லை. வாய்க்காலை வெட்டின, கண்மாயைக் கழிவுக் கல்லால் மூடின. 2014ல் உயர்நீதிமன்றம் சகாயம் அவர்களை விசாரிக்க நியமித்த பிறகுதான் பாதிச் சேதி வெளியே வந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்தது.

அரிட்டாபட்டியைத்தான் சொல்கிறோம். ஏழு குன்றுகள், அவற்றில் விழுகிற மழையால் நிரம்புகிற 72 கண்மாய்கள், 200 சுனைகள், சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை. 250 வகைப் பறவைகள், அதில் லகர் வல்லூறும் ஒன்று. இந்த விவரங்களெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. லீவு நாளில் விடியற்காலம் பஸ் ஏறிப் போய்ப் பாறையில் உட்கார்ந்து பறவை எண்ணியவர்கள், வழி காட்டிய ஊர்க்காரர்கள், சுனைக்குச் சுனை பெயர் எழுதியவர்கள், இவர்கள் சேர்த்த கணக்கு அது. 'வேலை இல்லாதவன் குருவி எண்ணுகிறான்' என்று சிரித்தவர்கள் உண்டு. நம்மவர்களிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக சர்க்கார் அறிவித்தது. மாநிலத்திலேயே அதுதான் முதலாவது.

இரண்டு வருஷம் கழிந்தது. 2024 நவம்பரில் டில்லி சர்க்கார் அந்த இடத்தையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டது. எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ல் சட்டசபை தீர்மானம் போட்டது. அதன் பிறகு டில்லி ஓர் அடி இறங்கி, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாமா என்று ஆராயச் சொன்னது. கவனியுங்கள்: அந்த ஓர் அடியை இறங்க வைத்தது குருவிக் கணக்கு! ஆனால் அது அந்த 193 ஹெக்டேரை மட்டுமே காப்பாற்றியிருக்கும். மிச்சம் ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேரின் வயலையும் கண்மாயையும் ஊரையும் காப்பாற்றியது 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த ஆயிரக்கணக்கான கால்கள். ஜனவரி 23ல் ஏலம் ரத்தாயிற்று. பதிவேடு இல்லாமல் கால்கள் மட்டும் நடந்திருந்தால் 'வளர்ச்சிக்கு விரோதிகள்' என்று பேர் சூட்டியிருப்பார்கள். கால்கள் இல்லாமல் பதிவேடு மட்டும் இருந்திருந்தால் அது பீரோவில் தூங்கியிருக்கும்.

இந்தப் பதிவேடு எழுதுகிற வேலைக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பொதுவாகத் திட்டம் இருக்கிறவரைதான் சம்பளம். நிதி முடிந்தால் வேலை முடிந்தது. மூன்று வருஷம் கரையெல்லாம் நடந்து, எந்த மடை யாருக்கு, எந்த வாய்க்காலில் யாருக்கு யார் பகை என்று மனப்பாடம் செய்துகொண்ட ஆள், நாலாம் வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகப் போகிறார். அவரோடு அந்த அறிவும் போகிறது. கண்மாயோ நூறு வருஷ சமாசாரம். நூறு வருஷ வேலைக்கு மூன்று வருஷ ஆளா? பெரிய கண்மாய்களைப் பார்த்துக்கொள்ள முன்னே சர்க்காரிலே லஸ்கர் என்று ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். காலியாகும் இடத்தை நிரப்பு என்று கேட்போம். நீர்க்கட்டிக்கு நெல் அல்ல, மாதச் சம்பளம் கொடு என்று கேட்போம். களப்பணியாளருக்குச் சங்கம் வைக்கிற உரிமை உண்டு என்று அவருக்கே நினைவூட்டுவோம்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு. மார்ச் 22 தண்ணீர் தினம் அதிலே ஒன்று, நம் மே 1 இன்னொன்று. கொடி ஏற்றி முடித்து மிட்டாய் கொடுத்த கையோடு தோழர்கள் அங்கே போய் உட்காருங்கள். உங்கள் ஊர்க் கண்மாய் பதிவேட்டில் எத்தனை ஏக்கர், இன்றைக்குத் தரையில் எத்தனை ஏக்கர் என்று எழுந்து கேளுங்கள். தலைவர் விழிப்பார், செயலர் பைலைப் புரட்டுவார். பின்வரிசையில் கையில் நோட்டோடு ஒரு களப்பணியாளர் உட்கார்ந்திருந்தால் கூப்பிடுங்கள். அளவு அவரிடம் இருக்கும்.