சுறாவுக்கு 'நோ'... தேங்காய்ப்பாலுக்கு 'யெஸ்'! கொங்கண் யூதர்களின் அடையாளத்தைக் காப்பாற்றிய அடுப்படி

வஞ்சிரம், சங்கரா, சுறா, இறால், நண்டு, கணவாய்... மீன் மார்க்கெட்டில் எல்லாம் ஃப்ரெஷ்ஷாக இருக்கின்றன. இவற்றில் ஒரு யூதர் வீட்டுச் சமையலறைக்குள் போகக்கூடியவை எவை தெரியுமா? வஞ்சிரமும் சங்கராவும் மட்டும்தான். துடுப்பும் செதிலும் இரண்டுமே இருந்தால்தான் அந்த மீனைச் சாப்பிடலாம் என்பது அவர்களின் விதி. அதனால் சுறாப் புட்டு, நண்டு ரசம், இறால் தொக்கு எதற்கும் அங்கே இடமில்லை.

இந்த ஒரு விதிதான், மகாராஷ்டிரத்தின் கொங்கண் கடலோரத்தில் வாழ்ந்த ஒரு சிறிய சமூகம் 'நாங்கள் யார்' என்பதைத் தெரிந்துகொள்ளவே உதவியது என்கிறது அவர்களின் மரபுக்கதை. அந்தச் சமூகத்தின் பெயர் பெனே இஸ்ரேல். 'இஸ்ரேலின் பிள்ளைகள்' என்று அர்த்தம்.

கோஷர் என்றால் என்ன?

ஹீப்ரு மொழியில் 'தகுதியானது' என்று பொருள். யூதர்களின் வேதமான தோராவில் சொல்லப்பட்ட உணவு விதிகளின்படி இருப்பதெல்லாம் கோஷர். முக்கியமான விதிகள் இவைதான்.

* பிளவுபட்ட குளம்பு இருந்து, அசைபோடும் விலங்குகளின் இறைச்சி மட்டுமே கூடும். ஆடு, மாடு ஓகே. பன்றி, ஒட்டகம், முயல் கூடாது.

* விதிமுறை கற்ற 'ஷோஹெத்' என்பவர்தான் அறுக்க வேண்டும். ரத்தம் கூடவே கூடாது. அதனால் இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, நன்றாக அலசிய பிறகுதான் சமைப்பார்கள். முட்டையில் ரத்தப்புள்ளி தெரிந்தால் அதுவும் வெளியே.

* இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. பாத்திரங்களையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். இறைச்சி சாப்பிட்டால், பால் பொருளைத் தொடுவதற்குப் பல மணி நேரம் காத்திருப்பார்கள்.

மட்டன் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கிடையாது, சாப்பிட்டு முடித்ததும் பால் டீ கிடையாது என்றால் நமக்குச் சட்டென்று புரியும்!

கப்பல் உடைந்தது... பழக்கம் உடையவில்லை!

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, அலிபாக் அருகே நவ்காவ் கடற்கரையில் ஒரு கப்பல் உடைந்ததாகவும், 7 ஆண்களும் 7 பெண்களும் மட்டுமே உயிர் பிழைத்ததாகவும் பெனே இஸ்ரேல் மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. வேதப் புத்தகங்கள் கடலோடு போயின. தலைமுறைகள் கடந்ததில் ஹீப்ருவும் மறந்துபோனது, மராத்தி தாய்மொழியானது. செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள்.

ஆனால், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அன்று யூதர்களின் ஓய்வுநாள். அதனால் ஊர்க்காரர்கள் அவர்களை 'ஷனிவார் தேலி' என்று அழைத்தார்கள். சனிக்கிழமை வாணியர் என்று சொல்லலாம்.

பிற்காலத்தில் டேவிட் ரஹாபி என்ற யூதர் அங்கே வந்தாராம். இவர்கள் யூதர்கள்தானா என்று பார்க்க, பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் செதில் இல்லாத மீன்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் எடுத்தார்களாம். அதைப் பார்த்துத்தான் அவர் முடிவுக்கு வந்தார் என்கிறது கதை.

பண்டிகைகளின் பெயர்களையும் கவனியுங்கள். புளிப்பேறிய மாவுப் பண்டங்களை விலக்கும் பாஸ்கா பண்டிகைக்கு அவர்கள் வைத்த பழைய மராத்திப் பெயர், 'அனாஸ் ஜாடியை மூடும் பண்டிகை'. அனாஸ் என்பது புளிப்பான தொடுகறி. ஜெருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசம் இருக்கும் நாளுக்கு 'பிர்டே பண்டிகை' என்று பெயர். பிர்டே என்பது முளைகட்டிய மொச்சைக் குழம்பு. ஹீப்ருப் பெயர்கள் மறந்தாலும் சாப்பாட்டை வைத்தே காலண்டரை நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

கைகொடுத்த தென்னை மரம்

கறிக்குழம்பில் தயிர், வெண்ணெய், நெய் எதையும் சேர்க்க முடியாது. அப்புறம் குழம்பு எப்படிக் கெட்டியாகும்? கொங்கண் கரை முழுக்கத் தென்னை மரங்கள். தேங்காய்ப்பால் பெயரில்தான் பால். மரத்திலிருந்து வருவதால் இறைச்சியோடு தாராளமாகச் சேரலாம். எனவே மட்டனும் சிக்கனும் தேங்காய்ப்பாலில் கொதித்தன. கேரளத்தின் கொச்சி யூதர்களும் இதே வழியைத்தான் பிடித்தார்கள்.

யூதப் புத்தாண்டுக்குச் செய்யும் 'சிக் அல்வா'வும் அப்படித்தான். நம் திருநெல்வேலி அல்வாபோல இதற்கும் கோதுமையை ஊறவைத்துப் பால் எடுக்கிறார்கள். நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறுவார்கள். விருந்தில் இறைச்சி இருந்தாலும் தைரியமாகச் சாப்பிடலாமே! வெள்ளி இரவுப் பிரார்த்தனைக்கு வைனுக்குப் பதிலாக, கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்.

1964-ல் வந்த சோதனை

இஸ்ரேல் 1948-ல் உருவானபோது இந்தியாவில் சுமார் 20,000 பெனே இஸ்ரேல் மக்கள் இருந்தார்கள். பெரும்பாலானோர் அங்கே குடிபெயர்ந்தனர். ஆனால், 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள தலைமை மதகுருக்கள், திருமண விஷயத்தில் இவர்களின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும் என்றார்கள். இத்தனை தலைமுறை விதி மாறாமல் சமைத்துச் சாப்பிட்டவர்களிடம், 'நீங்கள் முழு யூதர்தானா?' என்று கேட்டது பெரிய காயம். ஜெருசலேமில் போராட்டம் வெடித்தது. 1964-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம், இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது.

இந்தியாவில் இப்போது மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் மும்பை, தானே பகுதியில். மகாராஷ்டிர அரசு 2016-ல் யூதர்களுக்குச் சிறுபான்மையினர் அந்தஸ்து வழங்கியது. சமூகம் சுருங்கியதால் முறைப்படி அறுக்கும் ஷோஹெத் கிடைப்பதே சிரமமாகிவிட்டது. அதனால் பல வீடுகளில் மீன், முட்டை, காய்கறியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால், மலிதாவுக்கு ஷோஹெத் தேவையில்லை. கப்பல் விபத்தில் மயங்கிக் கிடந்தவர்களை எழுப்பியது எலியா தீர்க்கதரிசி என்பது இவர்களின் நம்பிக்கை. கல்யாணம், புதுமனை புகுவிழா, நோய் குணமானது என எந்த நல்ல காரியத்துக்கும் அவரை நினைத்து அவலும் பழங்களும் தட்டில் வைத்து ஜெபம் சொல்லிப் பகிர்ந்துகொள்வார்கள். குடிபெயர்ந்த குடும்பங்கள் இஸ்ரேலிலும் இதை விடவில்லை.

மலிதா: நீங்களும் செய்யலாம்!

தேவையானவை: கெட்டி அவல் - 2 கப், தேங்காய்த் துருவல் - 1 கப், சர்க்கரை - அரை கப், ஏலக்காய்த்தூள் - அரை டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் - ஒரு சிட்டிகை, நறுக்கிய பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை - தேவையான அளவு.

செய்முறை: அவலை அலசி, தண்ணீரை முழுவதும் வடித்து 10 நிமிடம் மூடி வைக்கவும். உதிரியானதும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் மென்மையாகக் கலக்கவும். தட்டில் குவித்து, சுற்றிலும் வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சை என 5 அல்லது 7 வகைப் பழங்களை அடுக்கினால் மலிதா ரெடி. அடுப்பே தேவையில்லை என்பதால் குட்டீஸையும் கூட்டு சேர்த்துக்கொள்ளலாம்!