ஒருபுறம் சாயும் உடல்

பார்பெல் என்னும் எடைக்கோலைத் தோளில் ஏந்திப் பஸ்கி எடுக்கும் இளைஞர் ஒருவரைப் பின்புறம் நின்று சற்று உற்று நோக்குங்கள். முன்னாலிருந்து காண்கையில் கம்பீரமாகத் தோன்றிய அவ்வுடல், அடியிலிருந்து எழும் வேளையில் இடுப்பை வலப்புறம் ஒதுக்குவதும், கோலின் ஒரு முனை தாழ்வதும் புலனாகலாம். அவரோ இதனை அறியார். தாம் நேராகவே எழுவதாக எண்ணிக்கொண்டிருப்பார். சாய்வு பழகிப்போன உடலுக்கு அச்சாய்வே நேராகத் தோன்றும்.

பிள்ளைகள் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்வதை நாம் குறைகூறவில்லை. வீதியில் வீணே நிற்பதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்! ஆயினும், வாரந்தோறும் எடைத்தட்டுகளைக் கூட்டுவதில் காட்டும் அவசரத்தை உடலின் அசைவைக் கவனிப்பதில் அவர்கள் காட்டுவதில்லை. கோணலான அசைவின்மேல் எடையை ஏற்றினால், வலிய பக்கம் மெலிந்த பக்கத்தின் வேலையையும் தானே செய்துவிடுகிறது. மெலிந்த பக்கம் மெலிந்தே நிற்கிறது.

இதைக் கேட்டதும், நிலைக்கண்ணாடி முன் நின்று இரு தோள்களையும் அளக்கத் தொடங்க வேண்டாம். மனித உடல் முற்றும் சமமாக அமைந்ததன்று. ஈரல் வலப்புறம், இதயம் சற்றே இடப்புறம். வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டே. இரு கால்களின் நீளத்திலும் சில மில்லிமீட்டர் வேறுபாடு பெரும்பாலோருக்கு உண்டு. 1962-லும் 1969-லும் டென்னிசின் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற ஆஸ்திரேலியரான ராட் லேவர் இடக்கை ஆட்டக்காரர். அவருடைய இடது முன்கை வலதைவிடப் பருத்திருந்தது யாவரும் அறிந்ததே. தோற்றத்தில் உள்ள சிறு வேறுபாடு நோயன்று. எடை ஏறஏற வளர்கின்ற சாய்வையே நாம் திருத்த வேண்டும்.

முதலில் காரணத்தைத் தேடுக. பல வேளைகளில் குற்றவாளி இடுப்பன்று, கணுக்கால்! பந்து விளையாட்டில் என்றோ சுளுக்கிய இடது கணுக்கால் முழுதும் மடங்காமல் போக, உடல் பாரத்தை வலப்புறம் தள்ளிவிடுகிறது. இதனைச் சோதிப்பது எளிது. சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பாதத்தை ஊன்றி, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பின்பு மறுகாலிலும் அவ்வாறே செய்க. ஒன்று தொட்டு மற்றொன்று தொடாவிடில் விடை கிடைத்துவிட்டது. சிலருக்குக் காரணம் இதனினும் அற்பமானது: ஒரு பாதத்தை முன்தள்ளி வைப்பர், அல்லது கோலை நடுவில் பற்றமாட்டார்கள். தரையில் ஒரு சுண்ணக்கோடு போட்டாலே அது தீர்ந்துவிடும்.

அடுத்து, கைப்பேசியைப் பின்புறம் இடுப்பளவு உயரத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒருசேர எழும் அளவுக்கு எடையைக் குறைக்க வேண்டும். தன்மானம் இதற்கு எளிதில் இடந்தராது என்பதை நாம் அறிவோம்! கோலை விட்டு இரு கைகளிலும் தனித்தனி டம்பெல் ஏந்துவதும், ஒரு காலால் படியேறி இறங்குவதும் நற்பயன் தரும். வலியது மெலியதற்கு உதவ அங்கே வழியில்லை. மெலிந்த பக்கத்தையே முதலில் தொடங்குக. அது எட்டு முறை செய்தால் வலியதும் எட்டோடு நிற்கட்டும். நம் முன்னோரின் கர்லாக்கட்டைப் பயிற்சியிலும் வலம், இடம் இரண்டுக்கும் சமமாகச் சுற்றும் வழக்கம் உண்டு.

ஒரு கை கட்டுண்டிருக்கும் காலத்திலும் மனந்தளர வேண்டியதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-ல் ஸ்கிரிப்சர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி தந்தபோது, பயிலாத மறு கையும் வலுப்பெற்றதைக் கண்டனர். தசையோடு நரம்பும் மூளையும் சேர்ந்தே கற்கின்றன.

வலி, மரமரப்பு, ஒரு கால் திடீரெனத் தளர்தல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்க. வளரும் பருவத்துப் பிள்ளைகள் மட்டில் பெற்றோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழங்கால் மடக்காமல் பிள்ளையை முன்குனியச் செய்து பின்னின்று நோக்குங்கள். முதுகின் ஒருபுறம் மேடிட்டுத் தெரிந்தால் அது முதுகெலும்பு வளைவாக இருக்கக்கூடும். ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த இச்சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. அத்தகைய பிள்ளைக்கு எலும்பு மருத்துவரின் ஆலோசனையே முதலில் வேண்டும். எடைப் பயிற்சியை அவர் சொன்ன பின்பு பார்த்துக்கொள்ளலாம்.