வீட்டுச் செடிகளும் அறைக்காற்றும்

தொட்டிச் செடிகள் சிலவற்றை அறைக்குள் வைத்தால் அங்குள்ள காற்று சுத்தியாகும் என்னும் எண்ணம் பட்டணங்களிலிருந்து கிராமங்களுக்கும் பரவியிருக்கிறது. செடி வளர்ப்பது நல்ல வழக்கமே. ஆனால் அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வெண்ணம் பரவக் காரணமாயிருந்தது, அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமாகிய நாஸாவின் சார்பில் உல்வர்ட்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1989-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கையாகும். காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் செடிகளை வைத்து, பென்ஸீன், பார்மால்டிஹைடு முதலிய விஷ ஆவிகளைச் செலுத்தியபோது அவற்றின் அளவு குறைந்தது. இலைகள் மாத்திரமன்றி, வேரைச் சுற்றிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. சோதனை மெய்யே, ஆயினும் மூடிய கூண்டு வேறு, கதவும் ஜன்னலும் உள்ள வீடு வேறு. 2019-இல் பிலடெல்பியா நகரத்து டிரெக்ஸல் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் இத்தகைய சோதனைகளின் முடிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டனர். கட்டடத்தில் இயல்பாகக் காற்று மாறுவதால் நீங்கும் ஆவியைச் செடிகளே நீக்கவேண்டுமானால், சதுர மீட்டர் ஒன்றுக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை சுமார் 11 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 110 தொட்டிகள். பிறகு கட்டில் போட இடமேது?

விறகடுப்புப் புகைக்கும் இதுவே பொருந்தும். அப்புகையின் நுண்துகள்கள் சமைக்கும் பெண்டிரின் நெஞ்சையும், அருகிலிருக்கும் குழந்தைகளின் நெஞ்சையும் கெடுக்கின்றன. எதிரெதிரான இரு ஜன்னல்களும், கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியும், இயன்றவிடத்தில் எரிவாயு அடுப்புமே இதற்குப் பரிகாரம்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தானிய மூட்டைகளில் வண்டு விழாதிருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை இட்டு, அம்மூட்டைகள் அடுக்கிய வீட்டிலேயே சிலர் படுத்துறங்குகின்றனர். காற்றின் ஈரம் பட்டவுடன் அம்மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்னும் கொடிய வாயு கிளம்பும். ஒரே இரவில் குடும்பம் முழுவதையும் கொல்ல வல்லது. பூண்டு அல்லது அழுகிய மீன் நாற்றம் வீசுவதுண்டு. நாற்றமில்லையென்று அபாயமுமில்லை என்று இருந்துவிடலாகாது. எந்தச் செடியும் இதைத் தடுக்காது. குடியிருக்கும் வீட்டில் இம்மாத்திரை ஒருபோதும் கூடாது. கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் இதை வீடுதோறும் எடுத்துரைப்பது நலம். வீட்டுச் சேமிப்புக்குரிய தானியத்தை வெயிலில் நன்கு உலர்த்தியே குதிரில் இடவேண்டும்.

இனி, கண்ணுக்கும் மனத்துக்கும் இதமாகச் செடி வைப்போர் கவனிக்கவேண்டியவை சில. வெளிச்சம் குறைந்த மூலைக்கு மருள் ஏற்றது. அடிக்கடி நீர் கேளாது. கற்றாழைக்கு ஜன்னலோரம் வேண்டும். துளசி வெயிலை விரும்புவதால் முற்றமே அதற்கு உரிய இடம். மணிப்பிளாண்டும் டிபன்பாக்கியாவும் அழகியவை. ஆனால் அவற்றின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையும் ஆட்டுக்குட்டியும் உள்ள வீட்டுக்கு அவை ஆகா. அரளியோ கடும் விஷம். இரவில் செடிகள் கரியமிலவாயுவை விடுவதால் படுக்கையறையில் வைக்கலாகாது என்பாரும் உளர். உறங்கும் மனிதன் ஒருவன் விடுவதோடு ஒப்பிட்டால் அது அற்பமே.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது அதைக் கொட்டி, முட்டைகள் ஒட்டியிருக்கும் உட்புறத்தை நாரினால் நன்கு தேய்த்துக் கழுவவேண்டும்.